தோட்டத்து அரசியலை ஆராய்வது எப்படி?

ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையோரம் அமைந்த சிற்றூர் ரெங்கம். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு: "தோட்டத்து மக்களுக்கு அரசியலில் அக்கறை கிடையாது, அதனால்தான் பின்தங்கினார்கள்." மேடையிலும் இதைக் கேட்கலாம், கோயில் திருவிழாவிலும் கேட்கலாம். இது உண்மைதானா?

அரசியலை ஆராயக் கற்பவருக்கு முதற்பாடம் இங்கேதான் தொடங்குகிறது. பலரும் சொல்வதாலேயே ஒரு கருத்து உண்மையாகிவிடாது. அதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்ற வேண்டும். அக்கறை இல்லாதவர்கள் என்றால், உரிமைக்காகத் திரண்ட வரலாறு அவர்களுக்கு இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு, துரைமார் எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமின்றி மானத்துக்காகவும் நடந்த போராட்டம் அது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

எண்கள் சொல்லும் கதை

அப்படியானால் வாக்குச்சாவடியில் அவர்கள் ஏன் குறைவாகத் தெரிந்தார்கள்? 1957ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி மலாயாவில் இந்தியர்கள் சுமார் 11 சதவிகிதம். ஆனால் 1955 பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் இந்தியர்கள் 5 சதவிகிதத்திற்கும் குறைவு. இதைப் பார்த்தவுடன் "அக்கறை இல்லை" என்று முடிவு கட்டுவது எளிது. ஆராய்ச்சி அங்கே நிற்காமல் அடுத்த தேர்தலையும் பார்க்கச் சொல்கிறது. 1959இல் அந்தப் பங்கு 7 சதவிகிதத்தைத் தாண்டியது.

நான்கே ஆண்டுகளில் மக்களின் இயல்பு மாறிவிடவில்லை, மாறியது சட்டம். 1948 கூட்டரசு உடன்படிக்கைப்படி, வெளிநாட்டில் பிறந்து மனுச் செய்து குடியுரிமை பெற விரும்பியவர் முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கிலமும் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். 1957இல் சுதந்திர மலாயாவின் அரசியல் சட்டம் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. எனினும் சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. கட்சியும் தொழிற்சங்கமும் மக்களைப் பதிவு செய்யத் தூண்டியிருக்கலாம். அதையும் தனியே சோதிக்க வேண்டும். மாற்று விளக்கத்தைத் தேடாத ஆய்வு பிரச்சாரமாகவே முடியும்.

இத்தகைய கேள்விகளுக்கு அறிஞர்கள் பல வழிகளில் விடை தேடினார்கள். கே.ஜே. ரத்னம் மலாயாவின் இன அரசியலை ஆராய்ந்து 1965இல் நூலாக்கினார். மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1962-63இல் ஒரு ரப்பர் தோட்டத்திலேயே தங்கி, அங்குள்ள வாழ்க்கையை நேரில் கண்டு எழுதினார். 1970இல் நூல் வெளிவந்தபோது தோட்டத்தின் உண்மைப் பெயருக்குப் பதில் 'பால் மெலாயு' என்ற புனைபெயரே இருந்தது. இது சிறிய விஷயமன்று. தோட்டத்தில் வேலை போனால் குடியிருக்கும் லயத்து வீடும் போகும். மனம் திறந்து பேசியவருக்கு அந்தப் பேச்சாலேயே கேடு வரக் கூடாது.

ரெங்கத்தில் தொடங்கலாம்

ரெங்கத்து இளைஞர் ஒருவர் தம் ஊரின் அரசியலை ஆராய விரும்பினால் வெளிநாடு போக வேண்டியதில்லை. பழைய வாக்காளர் பட்டியல், தொழிற்சங்கக் கிளையின் கூட்டக் குறிப்பு, தமிழ்ப்பள்ளிப் பதிவேடு, பெரியவர்களின் நினைவு ஆகியவை அனைத்தும் ஆதாரங்களே. ஆனால் தலைவரையும் கிராணியையும் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். பெரட்டுக் களத்தில் நின்ற பெண்களையும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களையும் கேட்க வேண்டும். நினைவு ஆண்டுகளைக் குழப்பும். ஆவணம் ஏழையின் குரலை விட்டுவிடும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டே போனார்கள். தங்கியவர்களில் பலர் முதுமை வரை சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தார்கள். ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்ய 2011இல் மைடஃப்தார் இயக்கம் நடத்தும் நிலை வந்தது.

அக்கறை இல்லை என்பது நோயின் பெயரானால், மருந்து வெறும் புத்திமதிதான். குடியுரிமை கிடைக்கவில்லை என்பது நோயானால், மருந்து வேறு. எது நோய் என்பதை ஊகத்தால் அறிய முடியாது. அந்தச் சிவப்பு அட்டையை வைத்திருந்தவர்களை உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு, எழுதி, சரிபார்த்தால்தான் தெரியும். அவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களிடம் கேட்பதற்கும் காலம் அதிகம் இல்லை.