மேடையும் நகைச்சுவையும்

வேலூர்க் கோட்டைக்கு அணித்தே நீண்டு கிடக்கும் லாங் பஜாரில் ஒருமுறை நடந்து வருவோர், பேச்சுக்கலையின் பாதியைக் காசு கொடுக்காமலே கற்றுவிடலாம். தமிழும் உருதுவும் தெலுங்கும் தோளோடு தோள் உரசும் அத்தெருவில், விலை படியாதபோது வியாபாரி சண்டைக்கு நிற்பதில்லை. ஒரு வேடிக்கைச் சொல்லை வீசுகிறார். வாங்க வந்தவர் சிரித்துவிட்டால் பேரம் பாதி முடிந்தது. மேடைப் பேச்சாளர் நிலையும் இதுவேயன்றோ?

இவ்வட்டாரம் நகைச்சுவைப் பேச்சுக்கு ஒரு பெருமகனைத் தந்திருக்கிறது. பாலாற்றின் மறுகரையிலுள்ள காங்கேயநல்லூரில் 1906-ஆம் ஆண்டு பிறந்து, 1993-இல் மறைந்த திருமுருக கிருபானந்த வாரியாரைத்தான் குறிப்பிடுகிறோம். சமயம் வேறாயினும், சொல்வன்மையை மதிப்பவர் எவரும் அவரை மறத்தல் இயலாது. புராணச் சொற்பொழிவின் நடுவே சிறுவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார். விடை சொன்ன பிள்ளைக்குப் பரிசும் தருவார். பெற்றோரும் அதில் கட்டுண்டு கிடப்பர்.

அவரைப் பற்றி மக்கள் இன்றும் சொல்லி மகிழும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. கம்பன் காவியத்தில் அனுமனுக்குச் 'சொல்லின் செல்வன்' என்னும் சிறப்பு வாய்த்ததை விளக்கிக்கொண்டிருந்தாராம். அவ்வேளை சிலர் மெல்ல எழுந்து நடையைக் கட்டினர். இங்கும் சொல்லின் செல்வர் சிலர் இருக்கின்றனர் என்றாராம் வாரியார். அதாவது, நாம் சொல்லின், அவர் செல்வர்!

இதன் உள்ளமைப்பை நோக்குக. 'சொல்லின்' என்பது முன்னர்ச் சொல்லுக்கு உரியவனைக் குறித்தது. பின்னர் 'சொன்னால்' என்று பொருள்பட்டது. செல்வமுடையவர், செல்லுகின்றவர் ஆனார். பொய் ஒன்றும் இல்லை. எழுந்து போனவர்க்குப் பட்டம் கிடைத்தது. திரும்பி வந்து அமர்ந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. இருந்தவர்க்கோ கம்பனின் சொல் நெஞ்சில் பதிந்துவிட்டது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நகைச்சுவையும் இத்தகையதே. ஏறிச் செல்ல வாகனம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் குட்டியொன்றில் ஏற்றிவிடுவதாகக் கூறினார்கள். குட்டியை வைத்து என்ன செய்வேன் என்று அவர் திகைக்க, எந்த ஒட்டகம்தான் ஒட்டகத்துக்குப் பிறக்காதது என்று கேட்டார்கள். விளையாட்டிலும் உண்மையே பேசினார்கள் என்பதற்குத் திர்மிதீ, அபூதாவூத் தொகுப்புகளில் காணப்படும் இந்நிகழ்ச்சி சான்று.

பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255-இல் மறைந்த அறிஞர் ஜாஹிழ், கஞ்சர்களைப் பற்றியே ஒரு நூல் எழுதிச் சிரிக்க வைத்தவர். சொல்வன்மை பற்றிய 'அல்-பயான் வத்-தப்யீன்' என்னும் நூலில் அவர் நுட்பமான கருத்தொன்றைச் சொல்கிறார். பாமரரின் வேடிக்கையைத் திருப்பிச் சொல்லுங்கால் இலக்கணத் திருத்தம் செய்யலாகாது. செய்தால் அதன் சுவை கெடும் என்பது அது. லாங் பஜார்க் கடைக்காரரின் தக்னி உருது வேடிக்கை எதையும் நாம் இக்கட்டுரையில் எழுதிக் காட்டாமைக்கு வேறு காரணம் தேட வேண்டாம். செந்தமிழில் அது செத்துவிடும்!

நகைச்சுவை பெரிய அரசியல் வழக்குக்கும் உதவும். 1962 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அறிஞர் அண்ணா, பெரும்பான்மையோர் பேசுவதால் இந்தியே ஆட்சிமொழியாக வேண்டும் என்ற வாதத்தை எதிர்கொண்டார். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் தேசியப் பறவை மயிலாக இராது, காகமாகவே இருக்கும் எனும் கருத்துப்பட மறுமொழி கூறினார். அங்கு நகைப்புக்கு இலக்கானது ஒரு வாதம். இந்தி பேசும் மனிதர் அல்லர்.

இந்த வேறுபாட்டை நம் மேடைகள் சில மறந்துவிடுகின்றன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் உருது பேசுவோரும் உளர். தமிழ் பேசுவோரும் உளர். உருதுக்காரர் பேசும் தமிழை நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குவது சிலருக்குக் கைவந்த கலை. தமிழர் பேசும் உருதுவை மறுபக்கத்தார் நடித்துக் காட்டுவதும் அவ்வாறே. இவ்வகைச் சிரிப்பு எளிதில் கிடைப்பது. மலிவான சரக்கு என்றும் சொல்வோம். அரங்கின் மூலையில் தாயின் மடியில் அமர்ந்திருக்கும் சிறுவனும் எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கத்தான் செய்கிறான். வீடு திரும்பும் வழியில், தன் பாட்டியும் அப்படித்தானே பேசுகிறாள் என்பது அவன் நினைவுக்கு வருகிறது.