மின் ஸ்கூட்டர் கன்ட்ரோலர்

மின் ஸ்கூட்டரிலும் மின் சைக்கிளிலும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருந்து, ஆக்சிலரேட்டரைத் திருகும் அளவுக்கு மின்சாரத்தை அளந்து விடும் அலுமினியப் பெட்டியே கன்ட்ரோலர். பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலோ கால்பலகைக்குக் கீழோ இருக்கும். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மூன்று பேஸ்களாக மாற்றி, சக்கரத்துக்குள் உள்ள ஹப் மோட்டாரைச் சுழற்றுகிறது.

சென்னைக்கு இந்தக் கருவி புதிதல்ல. 1895இல் மதராஸில் மின் டிராம் ஓடத் தொடங்கியபோதே ஓட்டுநரின் கையில் கன்ட்ரோலர் இருந்தது. கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பினால் உள்ளிருக்கும் உருளை சுழன்று, மின்தடைகளை ஒவ்வொன்றாக விலக்கும், வண்டி வேகமெடுக்கும். தடைகளில் போகும் மின்சாரம் வெப்பமாகி வீணாகும். 1931இல் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1,500 வோல்ட் மின்ரயில் வந்தது. சென்னையின் தியாகராய நகர் உருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மாம்பலம் நிலையத்தில் நின்று சென்ற அந்த ரயில்களைத்தான் தியாகராய நகர்ப் பகுதியின் முதல் மின்வண்டிகளாகக் கொள்ள வேண்டும். டிராம் 1953இல் நின்றுபோனது.

தடைகளை ஒழித்தது குறைகடத்தி. காந்தப்புலத்தில் வைத்த கடத்தியின் குறுக்கே மின்னழுத்தம் தோன்றுவதை 1879இல் அமெரிக்காவின் எட்வின் ஹால் கண்டறிந்தார். இன்று மோட்டாருக்குள் காந்தம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் அந்தக் கண்டுபிடிப்பின் பயன். 1962இல் வில்சன், டிரிக்கி இருவரும் கரித்துண்டு இல்லாத மோட்டாரை விவரித்தனர். சென்னையில் 1948இல் பிறந்து, 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கிய ஐ.ஜி.பி.டி. என்னும் குறைகடத்தி சுவிட்ச் ரயில்களையும் மின்கார்களையும் ஓட்டுகிறது. 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் பிறந்த ஊர் அவரை இன்னும் அதிகம் அறிந்திருக்க வேண்டும். 48 முதல் 72 வோல்ட் வரையிலான ஸ்கூட்டர்களுக்கு மாஸ்ஃபெட் என்னும் மற்றொரு வகைக் குறைகடத்தி சுவிட்சே போதும்; பெட்டிக்குள் அவை குறைந்தது ஆறு இருக்கும், நொடிக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் திறந்து மூடும்.

பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது வோல்ட். நான்கு 12 வோல்ட் ஈய பேட்டரிகளைத் தொடராக வைத்த 48 வோல்ட் வண்டியில், அழுத்தம் 42 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். 13 செல் வரிசை கொண்ட லித்தியம் பேட்டரி முழுதாக ஏறினால் 54.6 வோல்ட் காட்டும்.

அடுத்தது ஒயர். மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்று தடித்த பேஸ் ஒயர்கள். ஐந்து மெல்லிய ஹால் ஒயர்கள். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் ஓடும் என்று நம்பக்கூடாது. மூன்று பேஸ் ஒயர்களையும் மூன்று ஹால் சிக்னல் ஒயர்களையும் மாற்றி மாற்றிச் சேர்க்க 36 வழி உண்டு. சீராக ஓடுபவை ஆறுதான், அவற்றிலும் மூன்று பின்னோக்கிச் சுழற்றும். தவறான இணைப்பில் சக்கரம் உதறும், உறுமும், சூடேறும். பல பெட்டிகளில் ஒரே நிறத்தில் இரண்டு 'செல்ஃப் லேர்னிங்' ஒயர்கள் இருக்கும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி அவற்றை இணைத்தால், கன்ட்ரோலரே சரியான வரிசையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

வண்டி நின்றுபோனால் பெட்டியைத்தான் முதலில் குறை சொல்வார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியேதான். ஃபியூஸையும், சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயரையும் பார்த்தபின், ஆக்சிலரேட்டர் கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். திருகாதபோது சிக்னல் ஏறக்குறைய 0.8 வோல்ட், முழுதாகத் திருகினால் 4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். திருகாமலே அழுத்தம் அதிகமிருந்தால் பாதுகாப்புக்காகக் கன்ட்ரோலர் கிளம்ப மறுக்கும். பிரேக் சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும் அதே நிலைதான். அதன் கப்ளரைக் கழற்றினால் தெரிந்துவிடும். உதறல் இருந்தால் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, மூன்று ஹால் சிக்னல்களும் 0, 5 என மாறி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்விட்ச் அணைந்த நிலையிலும் சக்கரம் இழுத்துப் பிடித்தால் பேஸ் ஒயர்களைக் கழற்ற வேண்டும்: இழுப்பு விட்டால் மாஸ்ஃபெட் ஷார்ட், விடாவிட்டால் அச்சு அருகே ஒயர் நசுங்கியிருக்கும். எரிந்த மாஸ்ஃபெட்டோடு அதன் இணையையும் சேர்த்து மாற்றுவதே சரி.

பழைய நீண்ட ஏரியின் படுகையில் அமைந்த தியாகராய நகரில் மழைநீர் தனிப் பிரச்சினை. 2021 நவம்பரில் தெருக்களில் தேங்கியதுபோல் நீர் நின்றால், அது ஹால் கப்ளர்களில் புகுந்து வண்டி விட்டுவிட்டு ஓடும். காயவைத்துப் பச்சை படிந்த முனைகளைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அச்சுக்குள் நுழையும் ஒயரைச் சற்றுத் தொங்கலாக விட்டால் நீர் உள்ளே வழியாமல் அடியில் சொட்டிவிடும்.

250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பதிவு வேண்டாம். வேகக் கட்டுப்பாட்டு ஒயரை வெட்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

கோவையில் 2008இல் தொடங்கிய ஆம்பியர், சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்கள் 2013இல் நிறுவிய ஏத்தர், ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். ஆகியவற்றின் இன்றைய ஸ்கூட்டர்களில் கன்ட்ரோலர் மென்பொருளோடு பிணைந்திருப்பதால், கோளாறு பார்க்க நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் கணினி தேவைப்படுகிறது.