பருவமழையும் ஆய்வுப் பணியிடங்களும்: பழைய கோப்புகளிலிருந்து ஒரு குறிப்பு

காலநிலை ஆய்வுக்கான முனைவர் பட்ட அறிவிப்புகளில் இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம் என்ற வரி இன்று வழக்கமாகிவிட்டது. இதைப் புதிய தாராளம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் வானிலை பயின்றவர் அல்லர். கேம்பிரிட்ஜில் தேர்ந்த கணிதவியலாளர். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவரிடம் வந்தபோது, உலகெங்கிலுமிருந்து திரட்டிய அழுத்தம், வெப்பநிலை, மழை அளவுகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழுக்களைத் தேடினார். கணினி என்னும் கருவி இல்லாத அக்காலத்தில் அந்தக் கணக்குகளைக் கையால் போட்டவர்கள் இந்திய எழுத்தர்கள். தென் அலைவு என்று இன்று பாடநூல்கள் கூறும் கருத்து அந்த உழைப்பிலிருந்து பிறந்தது. எழுத்தர்களின் பெயர்களைப் பாடநூல்கள் கூறுவதில்லை.

இதே வாக்கர் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்திருந்தார். துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குப் பணிபுரிந்த இராமானுஜனின் கணக்குகளை அதன் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் காட்டினார். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வாக்கர் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இராமானுஜனிடம் இளங்கலைப் பட்டமும் இல்லை. விதி தளர்த்தப்பட்டது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகள், காலாண்டுக்கு ஓர் அறிக்கை என்பது ஏற்பாடு.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பல்கலைக்கழகம் வேறுவிதமாக நடந்துகொண்டது. பெங்களூரில் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியலை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்ட அன்னா மாணி, 1945-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்பதால் பட்டம் மறுக்கப்பட்டது. இம்முறை வாக்கரைப் போலக் கடிதம் எழுத எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. இயற்பியல் பயில விரும்பியவருக்கு வெளிநாட்டில் கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகளுக்கானது. இலண்டனுக்குச் சென்று, 1948-இல் திரும்பி, புணேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். இந்தியாவின் கதிர்வீச்சு அளவீட்டுக்கு அடித்தளமிட்ட அவர், துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வுபெற்றார். முனைவர் பட்டம் பெறாமலே.

பிறகு எந்திரங்கள் வந்தன. 1980-களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து கிரே கணினி, 2018-இல் பிரத்யூஷ், 2024-இல் 11.77 பெட்டாஃபிளாப் ஆற்றலுடைய அர்கா. எந்திரத்துக்கு ஒதுக்கப்படும் நிதியைப் பற்றிச் செய்திகள் நிறைய வருகின்றன. அதை இயக்குவோரின் பணி நிலைமை பற்றி அவ்வளவு வருவதில்லை.

2023 சனவரி முதல் இளநிலை ஆய்வாளரின் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக் காலத்தையும் சேர்த்தால் ஐந்து ஆண்டுகள். முனைவர் பட்டத்துக்குப் பின் கிடைக்கும் திட்டப் பணிகள் பெரும்பாலும் திட்டத்தோடு முடிபவை. புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் காலநிலை மாற்ற ஆய்வு மையம் 2009-இல் தொடங்கப்பட்டது. அங்கு உருவான புவி அமைப்பு மாதிரியின் முடிவுகள் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டத்தின் ஆறாம் கட்டத்தில் இடம்பெற ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. அத்தகைய மாதிரி ஒன்றின் முதல் ஆண்டில் சேரும் மாணவர், அது முழுமை பெறும்போது உதவித்தொகைக் காலத்தை முடித்து வேறிடத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பார். அவர் எழுதிய நிரல் வரிகளை அடுத்து வருபவர் முதலிலிருந்து படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.