அங்கன்வாடி

பிறந்ததிலிருந்து 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலக் கண்காணிப்பு, விளையாட்டுவழிக் கல்வி ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவதற்காக இந்திய அரசு நடத்தும் மையம் அங்கன்வாடி. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதில் பயன்பெறுகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'பால்வாடி' என்றால்தான் சட்டென்று புரியும். மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன.

சோறு போடும் இடமாகவே இன்று பலருக்கும் தெரிந்த இந்த அமைப்பு, கற்பிக்கும் ஆசையிலிருந்து பிறந்தது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்த கிஜுபாய் பதேகா, 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பால்மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். மரியா மாண்டிசோரியின் கல்விமுறை அவரைப் பெரிதும் ஈர்த்திருந்தது. சில ஆண்டுகளில் அவரோடு தாராபாய் மோடக் இணைந்தார். மாண்டிசோரிக் கருவிகளின் விலை ஏழைக் கிராமங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான போர்டியில், அனுதாய் வாக் துணையோடு, கையில் கிடைத்ததை வைத்தே பாடம் நடத்தத் தொடங்கினார் தாராபாய். எண்ணிப் பார்க்கக் கூழாங்கல்லும் கிளிஞ்சலும், வகை பிரிக்க இலையும் விதையும் போதுமாயின. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் குடியிருப்புக்கே பள்ளி போனது. வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் கூடினார்கள். கைகால் கழுவுவதும் பாட்டும் கதையும் பாடத்தின் பகுதிகள். முற்றத்தைக் குறிக்கும் அங்கன்வாடி என்ற பெயரும் தாராபாய் சூட்டியதே. பின்னர் கோஸ்பாட் மலைப்பகுதியில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடையே இப்பணி தொடர்ந்தது. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடந்தது.

மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972இல் அளித்த அறிக்கை, ஏழைக் குழந்தைகளுக்கு உணவு, உடல்நலம், கல்வி மூன்றும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்று வாதிட்டது. 1974இல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன்கீழ் அமைந்த ஒவ்வொரு அங்கன்வாடி மையத்துக்கும் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். குழந்தைகளை எடைபோட வேண்டும், சமையலைக் கவனிக்க வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், பாட்டும் சொல்லித்தர வேண்டும். இத்தனையையும் ஒரு பெண்ணின் தலையில் வைத்தது திட்டத்தின் பிறவிக் குறை.

தமிழ்நாடு தனி வழியிலும் போய்ப் பார்த்தது. உலக வங்கியின் உதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளைக் குறிவைத்தது. மாதந்தோறும் ஒரு தொட்டிலில் குழந்தையை உட்கார வைத்துத் தராசில் தொங்கவிடுவார்கள். முள் காட்டிய எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்து, முந்தைய மாதப் புள்ளியோடு கோட்டால் இணைப்பார்கள். கோடு மேலே ஏறாமல் படுத்துக்கிடந்தால், குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் ஏதோ சரியில்லை என்று தாய்க்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். அப்படி எடை கூடாத குழந்தைக்கு மட்டும் 90 நாள்கள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் உணவளிப்பதைவிட, சரியும் குழந்தையைச் சரியும்போதே பிடிப்பது என்ற இந்த யோசனை அசலானது. உலகெங்கும் ஊட்டச்சத்து வல்லுநர்கள் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு மதியச் சோறு ஊர்தோறும் குழந்தைகள் மையங்களில் கிடைத்தது. பின்னாளில் முட்டையும் சேர்ந்தது. இணை உணவாகச் சத்துமாவு வீடுகளுக்கே போனது. வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் குழந்தை பசியாறியது என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் பாவ்நகரும் போர்டியும் முதலில் வைத்த பாட்டும் விளையாட்டும் நேரம் மிஞ்சினால் நடப்பவையாகிவிட்டன.

உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு மையம் வேண்டும் என்றது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உணவைச் சட்ட உரிமையாக்கியது. கல்விப் பக்கத்தில் தமிழ்நாடு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தை வகுத்தது. 2019இல் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கின.

நேரப் பற்றாக்குறைக்குத் தீர்வு தேடித் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 4 மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்வான மையங்களுக்குக் கற்பித்தலுக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக வந்தார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு மிச்சமான நேரம் ஊட்டச்சத்துப் பணிக்குப் போனதால் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது.

அரசின் கணக்கில் அங்கன்வாடிப் பணியாளர்கள் நெடுங்காலம் மதிப்பூதியம் பெறும் தொண்டர்களாகவே இருந்தார்கள். குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.