15 நாளும் 941 நாளும்

2019 ஜூன் 13. ஓக்லாந்தின் ஆரக்கிள் அரங்கில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணிக்கு அதுதான் கடைசி ஆட்டம். அடுத்த பருவத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோக இருந்தார்கள். டொராண்டோவுக்கு எதிரான என்.பி.ஏ. இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். 28 புள்ளிகள் எடுத்திருந்த க்ளே தாம்சன் பந்தை வளையத்துக்குள் இறக்க எம்பினார். காற்றிலேயே டேனி கிரீன் தடுக்க, இடது காலில் ஏடாகூடமாக வந்து இறங்கினார். கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார்கள். பாதி வழியில் திரும்பி நடந்தே வந்தார். தனக்குக் கிடைத்த இரண்டு தனி வீச்சுகளைத் தானே எறியாவிட்டால் மறுபடி களமிறங்க முடியாது என்பது விதி. எறிந்தார், இரண்டும் உள்ளே விழுந்தன. மறுபடி ஆடத் தயாராகவும் இருந்தார்.

அவருடைய முன்பக்கக் குறுக்கு ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., அறுந்திருந்தது. அடுத்து அவர் ஒரு போட்டியில் ஆட 941 நாட்கள் ஆயின.

அதே அணியில் அப்போது அவருக்கு இணையாக நின்று ஆடியவர் ஸ்டீபன் கறி. 2016 ஏப்ரல் 24 அன்று ஹூஸ்டனில், ஆட்டத்தின் முதல் பாதி முடியும் நேரத்தில், ஈரமாக இருந்த இடத்தில் கால் வழுக்கி வலது முட்டி மடங்கியது. இரண்டாம் பாதியில் அவர் ஆடவில்லை. அவருக்குப் பழுதானது உட்பக்க ஜவ்வு, அதாவது எம்.சி.எல். 15 நாளில், மே 9 அன்று, போர்ட்லாந்தில் களமிறங்கி, கூடுதல் நேரத்தில் மட்டும் 17 புள்ளிகள் குவித்தார்.

நடந்து வந்து பந்தை எறிந்தவருக்கு 941 நாள், ஆட முடியாமல் உட்கார்ந்தவருக்கு 15 நாள். இந்தக் கணக்கில் கொஞ்சம் அநியாயம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறிக்கு நேர்ந்தது முதல் நிலைக் காயம், சில இழைகள் மட்டும் நைந்தது. தாம்சனின் 941 நாட்களில், 2020 நவம்பரில் அறுந்த குதிகால் நாணுக்கான காலமும் அடக்கம். ஆனால் இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. 2018இல் சக ஆட்டக்காரர் மேலே விழுந்து கறியின் இடது உட்பக்க ஜவ்வு இரண்டாம் நிலைக்குக் கிழிந்தபோது, அவர் ஆறு வாரத்துக்குள் திரும்பினார். முழுதாக அறுந்த உட்பக்க ஜவ்வைக்கூடப் பெரும்பாலும் கத்தி வைக்காமலே ஆற்றிவிட முடிகிறது. குறுக்கு ஜவ்வு முழுதாக அறுந்து ஆறு வாரத்தில் களமிறங்கியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்: "முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சு." போதாததற்கு, எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் கிடக்கும் மெனிஸ்கஸும் அதே ஜவ்வுதான். கபடி ஆடி விழுந்தவரும் பைக்கில் சறுக்கியவரும் இந்த ஒரு சொல்லோடுதான் வீடு வருகிறார்கள். எந்த ஜவ்வு என்று கேட்காமலே, "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, ஒரு மாசத்துல சரியாயிருச்சு" என்று ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்துவிடுவார். அவர் சொல்வது பொய்யில்லை. அவருக்குக் கிழிந்தது வேறு ஜவ்வாக இருந்திருக்கும்.

இரண்டும் இருக்கும் இடத்தைப் பார்த்தால் பாதி விளங்கும். உட்பக்க ஜவ்வு மூட்டுக்கு வெளியே, இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று உரசும் பக்கத்தில், தொடை எலும்பிலிருந்து கீழ்க்கால் எலும்புக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது. சுற்றிலும் சதை, சவ்வு, நல்ல இரத்த ஓட்டம். முட்டி உள்நோக்கி மடங்காமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. குறுக்கு ஜவ்வு மூட்டின் நட்டநடுவில் இருக்கிறது. சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், தொடைக்குக் கீழே திருகாமலும் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. இளம் வயதுக்காரரின் குறுக்கு ஜவ்வு ஏறக்குறைய 2,160 நியூட்டன் இழுவிசை வரை தாங்கும், அதாவது 220 கிலோவைத் தொங்கவிட்ட பாரம். நேர்க்கோட்டில் நடக்கும்போது அதற்குப் பெரிய வேலையில்லை. தாம்சன் நடந்து வந்த மர்மம் இதுதான். அறுந்த பின்னும் மாடி ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதுதான் முட்டி கழன்று விழுவதுபோல் வாரிவிடும்.

ஆறுவதும் ஆறாததும் இந்த இடத்தைப் பொறுத்தே. எந்தக் காயமும் ஆற முதலில் இரத்தம் உறைய வேண்டும். அந்த உறைவு இரண்டு முனைக்கும் நடுவே சாரம் கட்டியதுபோல் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு புது இழைகள் ஏறும். உட்பக்க ஜவ்வு கிழிந்தால் இரத்தம் அங்கேயே தங்கி உறைகிறது, முனைகளும் பக்கத்திலேயே கிடக்கின்றன. குறுக்கு ஜவ்வோ மூட்டுத் திரவத்துக்குள் இருக்கிறது. உறைவு நிற்பதற்குள் திரவம் அதைக் கரைத்துவிடுகிறது. அறுந்த முனைகள் விலகி, காலப்போக்கில் சுருங்கியும் போகின்றன.

அறிகுறியும் இதே கதையைத்தான் சொல்கிறது. குறுக்கு ஜவ்வு அறும்போது பலருக்கு உள்ளே 'டப்' என்று கேட்கும். சில மணி நேரத்துக்குள் மூட்டு முழுக்க இரத்தம் கோத்து முட்டி பந்துபோல் வீங்கும். உட்பக்க ஜவ்வில் வீக்கம் குறைவு. ஆனால் உட்பக்கத்தில் விரல் வைத்து அழுத்தினால் உயிர் போகும். முட்டியை 20, 30 டிகிரி மடக்கிக் கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையில் குறுக்கு ஜவ்வின் குட்டு வெளிப்படும். எம்.ஆர்.ஐ. அதை உறுதிசெய்யும், மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்திருக்கிறதா என்பதையும் காட்டும்.

நாட்டுக் கட்டு வைத்தியத்தின் நற்பெயரில் ஒரு பங்கு உட்பக்க ஜவ்வால் வந்தது என்பது என் ஊகம். எண்ணெய் தடவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டி, "மூணு வாரம் அசைக்காதே" என்றால் அது ஆறத்தான் செய்யும். பாதி வேலையை உடம்பே செய்துகொள்கிறது. அதே கட்டைக் குறுக்கு ஜவ்வுக்குப் போட்டால் வீக்கம் வடியும், வலி அடங்கும், குணமாகிவிட்டதாகவே தோன்றும். ஆறு மாதம் கழித்து, பேருந்திலிருந்து இறங்கித் திரும்பும்போது ஒருநாள் முட்டி வாரும். அப்படி ஒவ்வொரு முறை வாரும்போதும் மெனிஸ்கஸ் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும்.

கிழியும் விதமும் வேறு. உட்பக்க ஜவ்வைப் பெரும்பாலும் யாராவது வந்து மோதிக் கிழிக்கிறார்கள்: வெளிப்பக்கமிருந்து முட்டியில் விழும் அடி. அதைத் தடுக்க ஒருவரால் செய்ய முடிவது கொஞ்சம்தான். குறுக்கு ஜவ்வு பல சமயம் யாரும் தொடாமலே அறுகிறது. எம்பி இறங்கும்போது முட்டி கிட்டத்தட்ட நேராக இருந்து உள்பக்கம் சாய்ந்தால், பாதம் தரையைத் தொட்ட 40 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடுவதாகக் காணொளி ஆய்வுகள் காட்டுகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. சுதாரித்துக்கொள்ள வழியே இல்லை. உடம்பு முன்பே பழகியிருக்க வேண்டும். மெதுவாக, முட்டியை மடக்கி, அது கால்விரலுக்கு நேராக நிற்கும்படி இறங்கப் பழகுவது, பின்தொடைச் சதையை வலுவாக்குவது, ஒற்றைக் காலில் சமநிலை என்று 20 நிமிடத்தில் முடியும் தயார்நிலைப் பயிற்சி இதற்காக உருவானது. 'ஃபிஃபா 11 பிளஸ்' அந்த வகை. இப்படிப்பட்ட பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தால் குறுக்கு ஜவ்வுக் காயம் ஏறக்குறைய பாதியாகிறது. ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக இந்தக் காயத்துக்கு ஆளாகும் பெண் ஆட்டக்காரர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். நம் கபடித் திடல்களில் ஆட்டத்துக்கு முன் தொடையைத் தட்டிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறோம்.

உட்பக்க ஜவ்வின் மீட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பு மாவுக்கட்டு, இப்போது கீல் வைத்த பட்டை. பக்கவாட்டில் சாயாமல் காத்தபடி முட்டியை மடக்கி நீட்ட விடுவார்கள், அசைவில்தான் இழைகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். காயத்தின் அளவுப்படி இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம். இரண்டு ஜவ்வும் சேர்ந்து அறுந்தால்கூட, முதலில் இதைப் பட்டையில் ஆறவிட்டுப் பிறகு குறுக்கு ஜவ்வைக் கவனிப்பது பரவலான வழக்கம்.

குறுக்கு ஜவ்வின் கதை நீளம். 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்கு ஜவ்வுகளைத் தைத்துப் பார்த்தார். தையல் பின்னர் பலருக்கும் நிலைக்கவில்லை. அதனால் இன்று அறுந்ததை விட்டுவிட்டு, பின்தொடை நாணிலோ முட்டிச்சில்லின் கீழ் நாணிலோ ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். வைத்த நாண் முதலில் நலிந்து, பிறகுதான் மெல்ல ஜவ்வாக மாறும். மூன்றாம் மாதத்தில் ஆட்டக்காரருக்குக் கால் நன்றாக இருப்பதாகத் தோன்றும்; உள்ளே நாண் அப்போதுதான் பலவீனமாக இருக்கும். ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதை நார்வேயில் கண்டார்கள்.

எல்லோருக்கும் கத்தி வேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, மறு பிரிவின் 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னர் அறுவை. ஐந்தாண்டு முடிவில் அந்த 59 பேரில் 30 பேர் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் குறுக்கு ஜவ்வுக்கு அறுவை இல்லாமலே இருந்தார்கள். முட்டியின் நிலையில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. திரும்பித் திரும்பி ஓட வேண்டிய கபடி ஆட்டக்காரருக்கும், மாடியேறி அலுவலகம் போகிறவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

அண்மைக்காலத்தில் வந்த இரண்டு முயற்சிகளும் குறுக்கு ஜவ்வை அதன் பக்கத்து வீட்டுக்காரனைப்போல் வாழவைக்கப் பார்க்கின்றன. பாஸ்டனில் மார்த்தா மரே குழுவினர் செய்த பஞ்சு போன்ற திசு, நோயாளியின் சொந்த இரத்தத்தை உறிஞ்சி, அறுந்த முனைகளுக்கு நடுவே கரையாத உறைவாக நிற்கிறது; 2020இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சிட்னியில், அறுந்த நான்கு வாரத்துக்குள் வருபவரின் முட்டியை 90 டிகிரி மடக்கி, நான்கு வாரம் அப்படியே பட்டையில் பூட்டுகிறார்கள். முனைகள் அருகே வந்துவிடும். 2023இல் வெளியான ஆய்வில் 80 பேரில் 72 பேருக்கு மூன்று மாத எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு கூடியது தெரிந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாத ஆய்வு அது. அந்த முட்டிகள் பத்தாண்டு தாங்குமா என்பது பத்தாண்டு கழித்துத்தான் தெரியும்.

2019இல் தாம்சனுக்கு இந்த வழிகள் கைக்கு எட்டவில்லை. அறுவைக்குப் போனார். 2022 ஜனவரி 9 அன்று க்ளீவ்லாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து 17 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் இரண்டு, முதல் பாதியிலேயே, தடுப்பாளர்களுக்கு நடுவே எம்பி வளையத்துக்குள் பந்தை இறக்கியதில் வந்தவை.