முகம் தெரியாத மேசை

வங்கிக் கவுன்ட்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவன் நான். செக்கை நீட்டுகிறவர் முகத்தைப் பார்த்தே கணக்கில் பணம் இருக்குமா, இருக்காதா என்று ஓரளவு சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் 2024-ல் போனில் போக்கர் ஆட உட்கார்ந்தேன். ரம்மி ஆடிப் பழகியவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு. மூன்றே வாரத்தில் 8,000 ரூபாய் போயிற்று. வீட்டில் சொல்லவில்லை.

ரம்மியில் எதிராளி எடுக்கிற சீட்டையும் கழிக்கிற சீட்டையும் வைத்து அவர் கையைக் கணிக்கிறோம். 1967-ல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதனால்தான். நான் ஆடிய டெக்ஸாஸ் ஹோல்டம் போக்கரில் கழிப்பதற்கே சீட்டு கிடையாது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் நடுவில் படிப்படியாகத் திறக்கும். எதிராளி எவ்வளவு பந்தயம் கட்டுகிறார், எப்போது கட்டுகிறார் என்பது மட்டுமே நமக்குத் துப்பு.

அமெரிக்காவில் நேரில் உட்கார்ந்து ஆடிய காலத்தில் முகத்தையும் விரல்களையும் கவனித்தார்கள். 1984-ல் மைக் காரோ இதற்கென்றே படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். நல்ல சீட்டு வந்தவன் சலித்துக்கொள்வான், ஒன்றும் வராதவன் மிடுக்காகப் பணத்தை வைப்பான் என்பது அதன் சாரம். எங்கள் கவுன்ட்டர் வித்தையேதான்! 1998-ல் பணம் வைத்து ஆடும் ஆட்டம் இணையத்துக்கு வந்தது. முகம் போயிற்று.

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் (பெயரைப் பாருங்கள், நிஜப் பெயர்தான்) இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள உலகத் தொடருக்கு இடம் பிடித்தார். அங்கே 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். அடுத்த வருஷம் 2,576 பேர் வந்தார்கள்.

புதிதாக வந்த இளைஞர்கள் ஒரே நேரத்தில் நான்கைந்து மேசைகளில் ஆடினார்கள். ஒவ்வொரு ஆட்டமும் கணினியில் பதிவாகும். அதை எடுத்துப் பார்த்து, 'இப்படிப் பந்தயம் கட்டுகிறவன் என்னென்ன வைத்திருக்கக்கூடும்' என்று கூட்டமாகக் கணக்குப் போட்டார்கள். அதற்கு 'ரேஞ்ச்' என்று பெயர்.

என் குட்டு பேரனிடம்தான் முதலில் உடைந்தது. பழைய சீட்டுக்கட்டைத் தரையில் பரப்பினான். "தாத்தா, 52 சீட்டில் இரண்டு எடுக்க 1,326 வழி. ஆஸ் ஜோடி மட்டும் ஆறு வழி. உங்க கையில ஒரு ஆஸும் ஒரு ராஜாவும் இருக்குன்னு வைங்க. அவன்கிட்ட ஆஸ் ஜோடி இருக்க இப்ப மூணே வழி. ராஜா ஜோடிக்கும் மூணு. ராணி ஜோடிக்கு முழுசா ஆறு. இந்த மூணு ஜோடிக்குத்தான் அவன் இவ்வளவு பணம் வைப்பான்னா, பாதி நேரம் அது ராணி." அதற்குப் பிறகு அவன் எங்கே பந்தயம் உயர்த்தினான், எங்கே சும்மா இருந்தான் என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டுமாம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கார்ட்டூன் பொம்மையின் முகத்தை!

கணக்குப் பழகியதும் நஷ்டம் குறைந்தது. லாபம் என்று ஒன்றும் வரவில்லை. நடுவில் சேரும் பணத்தில் தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். கணக்கில் புலிகளானவர்களுக்கும் மேலே ஆள் வந்துவிட்டது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி நால்வரையும் தோற்கடித்தது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நான் ஆடிய தளமும் மூடிக்கொண்டது. மிச்சமிருந்த 340 ரூபாய் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. பாஸ்புக்கில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இது என்ன பணம்?" என்று மனைவி கேட்டாள். பழைய பாக்கி என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.