குற்றாலத்திலிருந்து ஒரு முன்மொழிவு: விண்தொலைநோக்கி நேரமும் கல்லூரி இயற்பியல் துறைகளும்

2023 செப்டம்பர் 2-இல் சூரியனை ஆயும் ஆதித்யா எல்-1 கலம் ஏவப்பட்டபோது, அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர் என்ற செய்தி தென்காசி வட்டாரத்துக்குத் தனிப் பெருமையாயிற்று. செங்கோட்டையில் பள்ளிப்படிப்பு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பட்டம், 1987-இல் இஸ்ரோவில் பணி என்று அமைந்த வாழ்க்கை அது. அந்தப் பெருமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது ஊரை விட்டுச் சென்று வென்றவரின் வரலாறு. ஊரில் இருப்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது ஊக்கம் மட்டுமே, வழி கிடைப்பதில்லை. இக்கட்டுரை எழுப்பும் கேள்வி வேறு. குற்றாலத்திலோ தென்காசியிலோ ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் ஒருவர், அந்தப் பணியில் இருந்துகொண்டே, தன் ஆய்வுக் கேள்விக்காக ஒரு விண்தொலைநோக்கியைச் சில மணி நேரம் திருப்ப முடியுமா? விதிப்படி முடியும். நடைமுறையில் நடப்பது அரிது. தூரத்தையும் பண வசதியையும் காரணமாகச் சொல்வது வழக்கம். முன்மொழிவு எழுதும் திறனை நம் முதுகலை வகுப்புகள் கற்பிக்காததே முதன்மையான காரணம் என்பது என் வாதம்.

முதலில் விதியைப் பார்ப்போம். இந்தியாவின் முதல் பல அலைநீள விண்வெளி ஆய்வுக்கூடமான ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-இல் பி.எஸ்.எல்.வி. சி-30 ஏவுகலத்தில் சென்றது. முதல் ஆறு மாதம் கருவிகளைச் சோதிப்பதற்கும், அடுத்த ஆறு மாதம் அவற்றைக் கட்டிய குழுக்களுக்கும் என்று ஒதுக்கிவிட்டு, அதன்பின் நோக்கு நேரம் படிப்படியாகப் பிறருக்குத் திறக்கப்பட்டது. இஸ்ரோ வெளியிட்ட அறிவிப்புகளின்படி, இந்தியாவிலுள்ள ஆய்வு நிறுவனம், பல்கலைக்கழகம், கல்லூரி எதில் பணியாற்றினாலும், வானியல் ஆய்வில் ஈடுபட்டிருப்பவர் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கலாம். நோக்க வேண்டிய காரணத்தை அறிவியல் முறையிலும் தொழில்நுட்ப முறையிலும் நிறுவ வேண்டும். கிடைக்கும் தரவைப் பகுத்தாயத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கப்படும் தகுதி இவ்வளவுதான். விண்ணப்பம் இணையவழியில் செல்கிறது. நேர ஒதுக்கீட்டுக் குழு அறிவியலை எடைபோடுகிறது. செய்ய இயலுமா என்பதைத் தொழில்நுட்பக் குழு பார்க்கிறது. ஒப்புதல் கிடைத்தால் தரவு ஏறத்தாழ ஓராண்டுக்கு விண்ணப்பித்தவருக்கே உரியது; பிறகு பொதுவில் வைக்கப்படும்.

அமெரிக்க ஆய்வுக்கலங்களில் நாட்டு எல்லைகூட இல்லை. ஹப்பிளுக்கும் ஜேம்ஸ் வெப்புக்கும் உலகில் எவரும் விண்ணப்பிக்கலாம். போட்டிதான் கடுமை. வெப் தொலைநோக்கியின் நான்காம் சுழற்சிக்கு, 2024 அக்டோபரில், 2,377 முன்மொழிவுகள் வந்து குவிந்தன. அவை கேட்ட நேரம் சுமார் 78,000 மணி. ஓராண்டில் இருப்பதே 8,760 மணிதான். ஒன்பது மணி நேரம் கேட்டால் ஒரு மணி நேரம்தான் கொடுக்க முடியும் என்ற நிலை. இந்த நெருக்கடியில் முன்மொழிவு என்பது வெறும் படிவமாக இருக்க முடியாது. நோக்கு தொடங்குவதற்கு முன்பே ஆய்வின் பாதியை முடித்துக் காட்டும் எழுத்து அது.

பாதி என்று சொன்னதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியால் ஒரு மங்கலான வெண்குறு விண்மீனை நோக்க வேண்டும், அதிலிருந்து 25 நொடிக்கு ஒரு ஃபோட்டான் பதிவாகும் என்று வைத்துக்கொள்வோம். 10,000 நொடி நோக்கினால் 400 ஃபோட்டான். எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் பிழை. எனவே பிழை 20, அதாவது 5 விழுக்காடு. மாணவர் ஒருவரிடம் இந்த இடத்தில் பேனாவைக் கொடுத்தால், பிழை 1 விழுக்காடாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்பார். 1 விழுக்காட்டுக்கு 10,000 ஃபோட்டான் வேண்டும்; அதற்கு 2,50,000 நொடி, கிட்டத்தட்ட 70 மணி நேரம். துல்லியம் ஐந்து மடங்கு கூட வேண்டுமானால் நேரம் இருபத்தைந்து மடங்கு கூடுகிறது.

விலை இதோடு முடியவில்லை. 650 கிலோமீட்டர் உயரத்தில் ஆஸ்ட்ரோசாட் பூமியை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 98 நிமிடம் ஆகிறது. புறஊதாக் கருவி பூமியின் நிழலுக்குள் இருக்கும்போதுதான் வேலை செய்யும். அது ஒரு சுற்றில் 35 நிமிடம். தயாரிப்பு, இடைஞ்சல் போக அரை மணி கையில் நிற்கும் என்று கொண்டால், 10,000 நொடிக்கு ஆறு சுற்று. அதாவது மூன்று மணி நேரத்துக்கும் குறைவான நோக்குக்கு ஆய்வுக்கலத்தின் பத்து மணி நேரம் செலவாகிறது. 1 விழுக்காடு கேட்டவருக்கோ ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவையும் ஒரே விண்மீனுக்குக் கொடுக்க எந்தக் குழுவும் முன்வராது. கேட்டவருக்குக் கணக்குத் தெரியாது என்று எண்ணி விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும்.

ஆனால் 5 விழுக்காடு போதும் என்று எப்படித் தீர்மானிப்பது? அங்கேதான் இயற்பியல் வருகிறது. அந்த விண்மீனைப் பற்றி இரண்டு கோட்பாடுகள் இருந்து, அவை முன்னுரைக்கும் ஒளியளவு 20 விழுக்காடு வேறுபட்டால், 5 விழுக்காட்டுப் பிழையில் எது சரி என்று சொல்லிவிடலாம். வேறுபாடு 4 விழுக்காடே என்றால் சொல்ல முடியாது; விண்ணப்பிப்பதே வீண். எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குள் என்ன கேட்கிறேன், எந்த விடை வந்தால் எதைக் கைவிடுவேன் என்ற இரண்டும் அடங்கியிருக்கின்றன. முதுகலை இயற்பியலில் பிழைக் கணக்கும் பாய்ஸான் பரவலும் பாடமாக உண்டு. அவற்றை ஒரு முடிவெடுக்கப் பயன்படுத்தும் பயிற்சிதான் இல்லை. கற்றது தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறது.

அடுத்தது கருவியின் குணம். புறஊதாத் தொலைநோக்கியின் பார்வைப் புலம் 28 கலைநிமிட விட்டம். முழுநிலவை விடச் சற்றுச் சிறிய வட்டம். ஒவ்வொரு ஃபோட்டானாக எண்ணும் அதன் உணரிகளுக்கு அதிக ஒளி ஆகாது. ஆகவே நாம் கேட்கும் விண்மீன் மங்கலாக இருந்தால் மட்டும் போதாது. அந்த வட்டத்துக்குள் வேறு எந்தப் பிரகாசமான புறஊதா விண்மீனும் இருக்கக் கூடாது. பட்டியல்களை வைத்துத் தேடி இதை உறுதிசெய்ய வேண்டியவர் விண்ணப்பிப்பவரே. 2018-இல் இக்கருவியின் அண்மைப் புறஊதாத் தடம் செயலிழந்தது. அதை அறியாமல் பின்னர் வந்த ஓர் அழைப்புக்கு இரு புறஊதாத் தடங்களிலும் நோக்கக் கேட்டவரின் விண்ணப்பம் முதல் பார்வையிலேயே விழுந்திருக்கும். இத்தகைய செய்திகள் கையேட்டில் அச்சாகும். ஆனால் பெரிய நிறுவனங்களில் இருப்பவருக்குத் தேநீர் வேளையிலேயே காதில் விழுந்துவிடுகின்றன. குற்றாலத்தில் இருப்பவர் தேடிப் படிக்க வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது சிறியதல்ல.

நல்ல கேள்வி சிறிய கருவியையும் பெரிதாக்கும் என்பதற்கு ஆஸ்ட்ரோசாட்டிலேயே சான்று உண்டு. அதன் புறஊதாத் தொலைநோக்கிகளின் ஆடி 37.5 சென்டிமீட்டர், ஹப்பிளுக்கு 2.4 மீட்டர். ஹப்பிள் துருவித் துருவிப் பார்த்த அதே ஆழப் புலத்தை, புனேயிலுள்ள ஐயூக்கா வானியல் மையத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் ஆஸ்ட்ரோசாட்டால் நோக்கியது. ஏறத்தாழ இரண்டாண்டுப் பகுப்பாய்வுக்குப் பிறகு, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஏயூடிஎஃப்எஸ்-01 என்ற விண்மீன் மண்டலத்திலிருந்து மிகைப் புறஊதா ஒளி கசிவதைக் கண்டறிந்து, 2020-இல் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வெளியிட்டது. பின்னணி இரைச்சல் இக்கருவியில் மிகக் குறைவு என்பதை அறிந்து, அந்த ஒரு நன்மையின் மேல் கட்டிய கேள்வி அது. ஆடியின் அளவை நம்பி இறங்கியிருந்தால் ஹப்பிள் இருக்கும்போது இது எதற்கு என்றே கேட்டிருப்பார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. நேரம் அரிது, ஆய்வுக்கலத்தின் ஆயுள் குறைவு, ஆஸ்ட்ரோசாட் வடிவமைக்கப்பட்டதே ஐந்தாண்டுக்குத்தான். அப்படியிருக்க, அனுபவம் மிக்க குழுக்களுக்குக் கொடுப்பதுதானே சிக்கனம்? சிற்றூர்க் கல்லூரிக்கு இரக்கப்பட்டு நேரம் ஒதுக்கினால் தரவு வீணாகாதா?

இரக்கப்பட்டுத் தருவதை நானும் ஏற்கவில்லை; இட ஒதுக்கீடும் கேட்கவில்லை. ஆனால் அனுபவம் என்ற பெயரில் குழுக்கள் எதை எடைபோடுகின்றன என்பதற்கு ஹப்பிளின் பட்டறிவு பாடமாகிறது. பல சுழற்சிகளாக அங்கே ஆண்கள் தலைமையேற்ற முன்மொழிவுகளின் வெற்றி விகிதமே சற்று உயர்ந்திருந்தது. 2018-இல், 26-ஆம் சுழற்சியில், விண்ணப்பித்தவர் யார் என்று மதிப்பிடுவோருக்குத் தெரியாதபடி பெயர்களை மறைத்தார்கள். அந்தச் சுழற்சியில் பெண்கள் தலைமையிலானவை 8.7 விழுக்காடும் ஆண்கள் தலைமையிலானவை 8.0 விழுக்காடும் வென்றன. அடுத்தடுத்த சுழற்சிகளில் முதல்முறையாக நேரம் பெறுவோரின் எண்ணிக்கையும் கூடியது. பெயரை மறைக்கும்போது நிறுவனமும் மறைகிறது. கல்லூரியின் பெயருக்குப் பின்னால் குற்றாலம் என்று இருந்தால் என்ன, கேம்பிரிட்ஜ் என்று இருந்தால் என்ன? இந்திய ஆய்வுக்கலங்கள் அனைத்திலும் இது நிலையான விதியாக இருக்க வேண்டும். தொழில்முறை வானியலாளர் அல்லாதவர்களுக்குக்கூட ஹப்பிள் இடம் கொடுத்திருக்கிறது. ஹப்பிளின் அறிவியல் பணியை நடத்தும் நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் ரிக்கார்டோ ஜியாக்கோனி தன் இயக்குநர் உரிமை நேரத்திலிருந்து ஒரு பகுதியை 1986-இல் அவர்களுக்கென அறிவித்தார். 1990 முதல் 1997 வரை 13 பேர் அதில் நோக்கினார்கள். அவர்களுக்கும் விண்ணப்பத்தின் தரமே சீட்டு.

வசதியின்மை என்ற வாதம் இன்று தென்காசியில் நிற்காது. 2011 முதல் ஸோஹோ நிறுவனம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இருந்துகொண்டு உலகுக்கு மென்பொருள் செய்து தருகிறது. அதற்குப் போதுமான இணையம், ஒரு விண்ணப்பத்துக்கும் சில ஜிகாபைட் தரவுக்கும் போதாமல் போகாது. வானியல் துறை தொடங்க முதலில் ஒரு தொலைநோக்கி வாங்க வேண்டும், மாடியில் ஒரு கூண்டு கட்ட வேண்டும் என்று நினைக்கும் கல்லூரி நிர்வாகங்களும் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கி, ஆனியும் ஆடியும் சாரலாகவே கழியும் ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சுற்றுலாவுக்கு வாய்த்த வானம் நோக்குக்கு வாய்க்கவில்லை. மேகத்துக்கு மேலிருந்து வரும் தரவே இவ்வூருக்குப் பொருத்தம். (ஆஸ்ட்ரோசாட்டின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்ந்தது. ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்திலுள்ள தென்காசிக்கு நேர் மேலே அது வருவதே இல்லை. தெற்கு வானத்தோடு போய்விடும். தரவைப் பெற அது தடையல்ல.)

வசதிகளில் உண்மையான தட்டுப்பாடு ஆசிரியரின் நேரம். வாரப் பாடவேளைகள், அகமதிப்பீடு, தரச்சான்றுக் கோப்புகள் எல்லாம் போக மிஞ்சும் மாலையில் கையேடு படிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, எழுதியதைப் படித்து இது தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு சக ஆய்வாளர் இல்லாமை. இரண்டாவதற்கு ஏற்கெனவே ஏற்பாடு உண்டு. பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் உள்ள ஆசிரியர்களுக்காகவே பல்கலைக்கழக மானியக் குழு 1988-இல் ஐயூக்காவை அமைத்தது. அதன் வருகை ஆய்வாளர் திட்டத்தில் சேர்ந்தவர் புனே சென்று தங்கி ஆய்வு செய்யலாம். ஆஸ்ட்ரோசாட்டுக்கான அறிவியல் உதவிப் பிரிவும் அங்கேயே இயங்கியது. ஆதித்யாவுக்கான உதவிப் பிரிவு ஏரீஸ் நிறுவனத்தோடு இணைந்து ஹல்துவானியில் அமைந்தது. தேடிச் செல்பவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. முதலாவதற்கான ஏற்பாடு கல்லூரியின் கையில்: முன்மொழிவு எழுதும் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் இரண்டு பாடவேளை குறைப்பது பெரிய செலவன்று.

தொடங்க வேண்டிய இடம் புதிய நோக்கு அல்ல, காப்பகம். ஓராண்டு உரிமைக்காலம் முடிந்த ஆஸ்ட்ரோசாட் தரவு பெங்களூருக்கு அருகிலுள்ள இஸ்ரோவின் விண்வெளி அறிவியல் தரவு மையத்தில் கிடைக்கிறது. ஆதித்யாவின் முதல் தொகுதித் தரவு 2025 ஜனவரி 6-இல் வெளியிடப்பட்டது. செங்கோட்டைக்காரர் அனுப்பிய கலத்தின் தரவைச் செங்கோட்டையில் இருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஹப்பிளைப் பொறுத்தவரை, புதிதாக நோக்கி எழுதப்படும் கட்டுரைகளைவிடக் காப்பகத் தரவிலிருந்து எழுதப்படுபவையே இப்போது கூடுதல். இதை இரண்டாந்தர வேலை என்று கருதுவது அறியாமை. பழைய தரவைப் பிரித்துப் பார்த்தவருக்குத்தான் அதில் எது இல்லை என்பது தெரியும். அந்த இல்லாததே அடுத்த முன்மொழிவின் முதல் பத்தி.

ஆகவே மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பாடத்திட்டக் குழுவுக்கும், குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி போன்ற கல்லூரிகளின் துறைகளுக்கும் ஒரு கோரிக்கை. முதுகலை இறுதிப் பருவத் திட்டப்பணியில், ஆய்வக அறிக்கைக்கு மாற்றாக, ஒரு விண்தொலைநோக்கிக்கான முழுமையான முன்மொழிவை மாணவர் எழுதித் தர இடம் கொடுங்கள்: இலக்கு, நேரக் கணக்கு, புலச் சோதனை, எந்த விடை வந்தால் எந்தக் கோட்பாடு விழும் என்பது வரை. மதிப்பிடும்போது பெயரை மறைத்து, வேறு கல்லூரி ஆசிரியர் இருவரிடம் கொடுங்கள். தேறும் முன்மொழிவை ஆசிரியர் ஒருவர் தலைமையேற்று, அடுத்த அழைப்பு வரும்போது அனுப்பட்டும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.